பினாங்கில் நான் கொடுத்த நற்சான்று

பினாங்குக்கு நான் போனது பேசுவதற்காக. "கிறிஸ்தவ விசுவாசமும் ஒரு தேசத்தின் ஒழுக்கமும்" என்பது தலைப்பு. வேதம் நுழைந்த நாடு எப்படி நேர்மையாகிறது, நுழையாத நாடு எப்படித் தடுமாறுகிறது என்று இருபத்திரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். முப்பது வருஷம் கல்லூரியில் வரலாறு நடத்தியவனுக்கு இந்த மாதிரி விஷயங்களில் சந்தேகமே வராது. தூத்துக்குடிப் பக்கம் எங்கள் பங்குக் கோயிலில் இதையே மூன்று முறை பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். மூன்றாம் முறை கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது கோயில் வாசலில் விட்டிருந்த என் செருப்பைக் காணவில்லை. அதைக் கட்டுரையில் சேர்க்கவில்லை.

இன்னொரு வேலையும் இருந்தது. அதை என் தங்கச்சி லூர்து ரயில் நிலையத்தில் வைத்துக் காதோடு சொன்னாள். அவள் மகன் ஜெரால்டுக்குப் பினாங்கில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். ஒரு கன்னியாஸ்திரி மூலம் வந்த சம்பந்தம். பெண்ணின் அப்பாதான் என்னைப் பேச அழைத்தவர். "நீங்க தாய்மாமன். நீங்க நாலு வார்த்தை நல்லதாச் சொன்னா அவங்க நம்பிருவாங்க. கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சரி என்றேன்.

ஜெரால்டு நல்ல பையன். துறைமுகத்தில் வேலை, கை சுத்தம், பெரியவர்களிடம் மரியாதை. குடிப்பான். கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். டாக்டரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும், ஆகவே தியான மையத்துக்கு அனுப்புவோம். ஐந்து நாள் பாட்டு, ஜெபம், தலைமேல் கை வைத்து மன்றாட்டு. பையன் அழுவான். திரும்பி வந்து மூன்று வாரம் வெள்ளைச் சட்டை போட்டு முதல் பூசைக்குப் போவான். நான்காம் வாரம் பழையபடி ஆரம்பிப்பான். ஜெரால்டு இரண்டு முறை போய் வந்துவிட்டான்.

விமான நிலையத்துக்குப் பெண்ணின் அப்பா ஆரோக்கியம் அண்ணன் வந்திருந்தார். எழுபதை நெருங்கும் மனிதர், பள்ளிக்கூட அலுவலகத்தில் நாற்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பங்கின் தமிழ்க் குழுவுக்குச் செயலாளர். என் நான்கு நாள் நிகழ்ச்சியைத் தட்டச்சு செய்து, ஒரு பிரதியை என் கையிலும் ஒன்றைத் தன் சட்டைப்பையிலும் வைத்துக்கொண்டார். அதில் "இரவு உணவு" என்பதற்கு நேரே "மீன்" என்று இருந்தது.

கெலுகோரில் அவர் வீடு. போகும் வழியில், கோடு போட்ட இடத்தில் ஒரே ஒரு பெண்மணி காய்கறிப் பையோடு தெருவைக் கடக்க நின்றார். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. யாரும் ஒலியெழுப்பவில்லை. எனக்கு உடம்பே கூசியது. எங்கள் ஊரில் மாதா கெபிக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டே ஒருவழிப் பாதையில் எதிரே வருவார்கள். இது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாடு, நம்மவர்கள் கொஞ்சம் பேர். என் கட்டுரைப்படி இங்கே வண்டி நின்றிருக்கக் கூடாது. கொஞ்சம் யோசித்து, அந்தக் காலத்து மிஷன் பள்ளிகளின் செல்வாக்காக இருக்கும் என்று முடிவு கட்டினேன். மனசு சமாதானமாயிற்று.

இரவு உணவு மீன்தான். அண்ணனின் மனைவி தெரேசா அக்கா பரிமாறினார். மகள் ரெஜினா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது வயது, கடலுக்கு அந்தப் பக்கம் ஜுருவில் கார் விற்கிற இடத்தில் வேலை. ஜெரால்டைப் பற்றித் தானாகவே பேசினாள். "தினமும் காலையிலதான் அங்கிள் கூப்பிடுவாரு. ஒருநாளும் மிஸ் பண்ணதில்ல. ரொம்ப டிசிப்ளின்."

காலையில்தான் அவனால் பேச முடியும் என்பது எனக்குத் தெரியும். வஞ்சிர மீனில் முள்ளைத் தேட ஆரம்பித்தேன்.

அக்கா இன்னும் ஒரு துண்டு வைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார். "தம்பி, கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பையனுக்குக் குடி கிடி ஒண்ணும் இல்லையே?"

"சேச்சே, ஜெரால்டா? அவன் தியானத்துக்கெல்லாம் போறவன் அக்கா. ரெண்டு தரம் போயிட்டு வந்துட்டான்."

மூன்று பேர் முகமும் மலர்ந்தது. "பாத்தியாம்மா, இங்க உள்ள பையனுங்கள ஞாயித்துக்கிழம பூசைக்கே இழுத்துட்டுப் போகணும்" என்றார் அண்ணன். ரெஜினா தலையைக் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அன்று இரவு முழுக்கச் செரிக்கவில்லை. மீன் செரித்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ரெஜினா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னை லக்சா சாப்பிட அழைத்துப் போனாள். பசார் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் வண்டிகள் நெருக்கி நின்றன. நுழைக்கும்போது பக்கத்து வண்டியின் கதவில் லேசாக உரசிவிட்டது. இறங்கிப் பார்த்தோம். விரல் நீளத்துக்கு ஒரு கோடு. சுற்றிலும் ஓர் ஈ காக்காய் இல்லை.

"ஒண்ணுமில்லம்மா, யாரும் பாக்கல. வேற இடத்துல நிறுத்திக்கலாம்" என்றேன். இது என் வாயில் தானாக வந்தது. யோசித்துச் சொன்னதில்லை.

அவள் என்னைக் கொஞ்சம் வியப்பாகப் பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பெயரும் போன் நம்பரும் எழுதி அந்த வண்டியின் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் செருகினாள். மழை தூற ஆரம்பித்தது. தாள் நனைந்து எழுத்து அழிந்துவிடும் என்று, திரும்பப் போய் அதை எடுத்துவிட்டு, அந்த வண்டி தெரிகிற மேசையாகப் பார்த்து உட்கார்ந்தாள். "ஓனர் வர்ற வரைக்கும் இங்கயே சாப்பிடலாம் அங்கிள். இன்னொண்ணு வேணுமா?"

லக்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீனைப் போட்டுக் காய்ச்சிய புளிப்புச் சாறு, அதில் தடித்த சேமியா, அன்னாசித் துண்டு, வெள்ளரி, புதினா, மேலே ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது. முதல் வாயில் இதென்னடா கொடுமை என்று தோன்றியது. மூன்றாம் வாயில் கிண்ணத்தை விட மனசில்லை. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வண்டிக்காரர் வந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து வருகிற மலாய்க்காரர், தலையில் தொப்பி. ரெஜினா மழையில் ஓடிப் போய் எதையோ சொன்னாள். அவர் குனிந்து பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்தக் கோட்டைத் தேய்த்தார். மலாயில் இரண்டு வார்த்தை சொல்லிச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பழைய வண்டிதானே தங்கச்சி, பரவாயில்லை, நீ நனையாதே என்றாராம்.

சாயங்காலம் என் கட்டுரையைப் பிரித்து ஒன்பதாம் பக்க ஓரத்தில் ரெஜினாவின் கதையைக் குறித்தேன். கிறிஸ்தவப் பெண், நேர்மை, கண்கண்ட உதாரணம். தொப்பிக்காரரை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. ஓரத்தில் இடமும் இல்லை.

சனிக்கிழமை காலையில்தான் எனக்கு உறைத்தது. மறுநாள் பூசை, அதன் பிறகு என் பேச்சு. முதல் வரிசையில் உட்காரப் போகிற பேச்சாளர் பூசையில் நன்மை என்கிற அப்பத்தை வாங்காமல் இருந்தால் கோயிலே திரும்பிப் பார்க்கும். வாங்குவதென்றால் அதற்கு முன் ஒரு சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். பொய் சொல்லி ஒரு பெண்ணைக் குழியில் தள்ளிவிட்டு நாக்கை நீட்ட எனக்குப் பயமாக இருந்தது. ஒழுக்கம் போனாலும் பயம் போகாத சாதி நாங்கள்.

ஆனால் அண்ணனுடைய பங்குச் சாமியாரிடம் போக முடியாது. ஆகவே தோட்டப்புறம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். ஃபெரியில் கடலைத் தாண்டி, பேருந்து பிடித்து, சுங்கை பாக்காப் பக்கம் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது என்று விசாரித்து வைத்திருந்தேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. அண்ணனையும் தெரியாது.

பேருந்தில் தூங்கிப் போனேன். பக்கத்தில் இருந்த சீனக் கிழவி குடைக் கம்பால் குத்தி எழுப்பினாள். இறங்க வேண்டிய இடம் போய் வெகுநேரமாகியிருந்தது. ஓட்டுநர் தமிழர். கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். எதிரே வந்த பேருந்தைக் கை காட்டி நிறுத்தி, "இந்தப் பெருச கோயிலாண்ட எறக்கிவிடுலா, தூங்க விடாத" என்று பார்சலைப் போல என்னை ஒப்படைத்தார். இரண்டாவது ஓட்டுநர் வழி முழுக்க என்னோடு பேசிக்கொண்டே வந்தார், தூங்கிவிடக் கூடாதே என்று.

பாவசங்கீர்த்தனத் தொட்டி அந்தக் கோயிலில் இல்லை. மூலையில் இரண்டு நாற்காலி, நடுவே பச்சைத் துணி. துணிக்குக் கீழே சாமியாரின் கால்கள் தெரிந்தன. மஞ்சள் நிற ஓட்டக் காலணி. அந்தப் பக்கமிருந்து தமிழில்தான் பேசினார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பொய் சொல்லிட்டீங்க" என்றார்.

"பொய்ன்னு சொல்ல முடியாது சாமி. தியானத்துக்குப் போனது நிஜம்."

"எதுக்குப் போனாரு?"

"குடிய விடுறதுக்கு."

"அதைச் சொன்னீங்களா?"

"இல்லை."

"பொண்ணு வீட்டுக்காரங்க எப்படிப்பட்டவங்க?"

"ரொம்ப நல்லவங்க சாமி."

"அதான் ஈசியா இருந்திருக்கு" என்றார். "ஏன் இப்ப அவசரமா வந்தீங்க?"

நாளைக்கு நான் பேச வேண்டியிருப்பதைச் சொன்னேன். என்ன தலைப்பு என்று கேட்டார். சொன்னேன். துணிக்கு அப்பால் இருமல் வந்தது. நெடுநேரம் வந்தது. அது இருமலா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அபராதம் கட்டளையிட்டார். அந்தப் பெண்ணிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும், மேடை ஏறுவதற்கு முன்னால்.

"சாமி, ஒரு ஐம்பத்துமூணு மணி ஜெபமாலை சொன்னா ஆகாதா?"

"அதையும் சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லத்தான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். காரில் ஏறியபோது ரெஜினா வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள், அந்த நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது. வழியில் மூன்று சிவப்பு விளக்கு வந்தது. மூன்றிலும் தெரேசா அக்கா ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கோயில் வாசலில் ஆளுக்கு ஆள் வந்து கைகொடுத்தார்கள். அபராதத்தைப் பிறகு தீர்த்தாலும் பாவமன்னிப்பு செல்லும் என்று சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்தது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது.

பீடத்துக்குச் சாமியார் வந்தார். அங்கிக்குக் கீழே மஞ்சள் நிற ஓட்டக் காலணி.

அதே சாமியார். தமிழ் தெரிந்த சாமியார்கள் இங்கே குறைவு, ஆகவே ஒருவரே அக்கரை இக்கரை என்று கோயில் கோயிலாகச் சுற்றுவார் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு சாமியார் உண்டு. அந்தக் கணக்கில் கடலைத் தாண்டிப் போயிருந்தேன். நன்மை கொடுக்கும்போது "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். "ஆமென்" என்றேன். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

கூட்டத்துக்கும் அவரே தலைமை. "பேச்சாளர் ஐயாவ இன்னிக்குத்தான் மொதல் மொதலா பாக்குறேன்" என்று என்னை அறிமுகப்படுத்தினார். உண்மைதான். நேற்றுத் துணி இருந்தது. பாவசங்கீர்த்தன ரகசியத்தை அவர் உயிர் போனாலும் வெளியே விடமாட்டார், கண்ணால்கூடக் காட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் பேசினேன். நன்றாகவே பேசினேன். ஒன்பதாம் பக்கத்தில் ரெஜினாவின் கதையைச் சொன்னபோது அவளுக்கே கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்து போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவள் வெட்கத்தில் போனைக் கீழே போட்டாள். சாமியார் தன் காலணியின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்.

கேள்வி நேரத்தில், லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் எழுந்தார். "ஐயா, இங்க நாம கொஞ்சம் பேருதான். பஸ்ல ஒரு வயசானவன் ஏறினா எவனாச்சும் எழுந்து எடம் குடுக்கறான். மலாய்க்காரன், சீனன், யாராச்சும். உங்க ஊர்ல நாம நெறைய பேருன்னு சொல்றீங்க. அங்க எழுந்திருக்கானா?"

"எழுந்திருப்பார்கள்" என்றேன். அவர் திருப்தியோடு உட்கார்ந்தார்.

மாலை ஆறு மணிக்கு வீட்டில் தேநீர். அண்ணன் ஒரு காகித உறையோடு வந்து என் முன்னால் வைத்தார். அடுத்த ஞாயிறு பூசையில் முதல் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தால் கல்யாணம் உறுதி. அதற்குத் திங்கள்கிழமை காலையில் பங்கு அலுவலகத்தில் காகிதங்களைக் கொடுக்கப் போகிறார். உறையில் ஜெரால்டின் ஞானஸ்நானச் சான்று, எங்கள் ஊர்ப் பங்குச் சாமியாரின் கடிதம், கன்னியாஸ்திரியின் கடிதம், எல்லாவற்றுக்கும் மேலே புதிதாகத் தட்டச்சு செய்த ஒரு தாள்.

"யாரும் கேக்கல தம்பி. என் திருப்திக்குத்தான். ஃபைல்ல இருக்கட்டும்" என்று பேனாவை நீட்டினார்.

மேற்படி ஜெரால்டை அவன் பிறந்த நாள் முதல் நான் அறிவேன் என்றும், அவனுக்கு மதுப்பழக்கம் இல்லை என்றும், தாய்மாமனாகிய நான் மனச்சாட்சியின்படி உறுதி கூறுவதாக அதில் இருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடு.

வாயால் சொன்னபோது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. இந்தக் கோட்டைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. கேவலம், நான் பயந்தது கடவுளுக்கு இல்லை, ஒரு குமாஸ்தாவின் ஃபைலுக்கு. இந்தத் தாள் இவர்கள் வீட்டு அலமாரியில் எந்நாளும் இருக்கும், இந்தப் பெண் அழும்போதெல்லாம் இவர் எடுத்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, பையன் குடிப்பான்" என்றேன். "தினமும் குடிப்பான். தியானத்துக்கு அனுப்பினதே அதுக்குத்தான். நான் மறைச்சிட்டேன்."

தெரேசா அக்கா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"இப்ப ஏன் தம்பி சொன்னீங்க?" என்றார். "எல்லாருக்கும் சொல்லியாச்சு. மண்டபம் புக் பண்ணியாச்சு. நாளைக்கு ஆபீஸ்ல நான் என்னன்னு சொல்லுவேன்?"

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்லா" என்றார் அக்கா. என் தங்கச்சி ரயில் நிலையத்தில் சொன்ன அதே வார்த்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊருக்கும் இந்த ஊருக்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றி மூன்று நாளாக நான் யோசித்ததெல்லாம் அந்தத் தேநீர்க் கோப்பையிலேயே கரைந்துவிட்டது.

அக்காவுக்குப் பக்கத்தில் ரெஜினா உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்தாள். எங்கள் ஊரில் அப்போது மத்தியானம் மூன்றரை இருக்கும். மேசை நடுவில் வைத்து, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி செய்தாள்.

நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தான். குரல் குழறியது. "ரெஜினாவா? என்ன, இந்நேரத்துல?"

"ஜெரால்ட், நீங்க குடிப்பீங்களா?"

"ஆமா" என்றான். "இப்பவும் குடிச்சிருக்கேன்."

"தியானத்துக்குப் போனது?"

"இத விடணும்னுதான். மாமாதான் ரெண்டு தரமும் கூட்டிட்டுப் போய் விட்டாங்க. முடியல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நானாச் சொல்லத் தைரியம் இல்ல. நீங்க கேட்டா சொல்லிரணும்னு இருந்தேன். சாமியார்கிட்ட கேட்டீங்க, சிஸ்டர்கிட்ட கேட்டீங்க, மாமாகிட்ட கேட்டீங்க. என்கிட்ட யாரும் கேக்கல."

"சரி" என்றாள் ரெஜினா. "தண்ணி குடிச்சிட்டுப் படுங்க." போனை அணைத்தாள்.

அண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "கேட்டதும் சொல்லிட்டான் பாத்தியா? இந்தக் காலத்துல எவன் சொல்லுவான்? நல்ல பையனாத்தான் இருப்பான் போல."

"நல்லவருதான்பா" என்றாள் ரெஜினா. "கல்யாணம் வேணாம்."

அவள் குரல் உடையவில்லை. அந்தத் தட்டச்சுத் தாளை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து உள்ளே போனாள். அறைக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது. தெரேசா அக்கா எழுந்து ஓடினார். அண்ணனும் நானும் ஆறிப்போன தேநீருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

என் போன் அடித்தது. லூர்து.

"அண்ணே, ஜெரால்டு என்னமோ சொல்லுதான். நீங்க அங்க எல்லாத்தையும் சொல்லிட்டீங்களாமே. நெசமா?"

"நெசந்தாம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் அழ ஆரம்பித்தாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அழுது முடித்து, "இனி அவன என்னண்ணே செய்ய?" என்று கேட்டாள். "தெரியலம்மா" என்றேன்.

நானும் போனை வைக்கவில்லை.